யாருடைய தரிசு, யாருடைய எரிபொருள்?

அம்பத்தூர் தொழிற்பேட்டையிலோ ஆவடியிலோ பூந்தமல்லி நெடுஞ்சாலையிலோ இன்று எந்தப் பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்தினாலும், டேங்கில் விழுவதில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். கரும்பு, மக்காச்சோளம், அரிசி ஆகியவற்றிலிருந்து வடித்த சாராயம் என்று சொன்னால் இன்னும் எளிதாகப் புரியும். 2018ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை இந்த 20 சதவீதக் கலப்புக்கு 2030 வரை கெடு வைத்தது. பிறகு கெடு 2025-26க்கு முன்னால் இழுக்கப்பட்டது. 2025லேயே எட்டிவிட்டோம் என்று ஒன்றிய அரசு அறிவித்தும் விட்டது. தொலைக்காட்சியில் விவாதம் நடக்கிறது: மைலேஜ் குறைகிறதா, பழைய வண்டியின் ரப்பர் குழாய் அரித்துப்போகிறதா? வண்டி வைத்திருப்பவர்களின் கேள்விகள் அவை, நியாயமானவையும்கூட. ஆனால் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்த எரிபொருள் விளையும் நிலம் யாருடையது? எரிபொருளாவதற்கு முன் அந்தத் தானியம் யாருக்குப் போக வேண்டியதாக இருந்தது?

அரசிடம் இதற்கு இரண்டே சொற்கள் பதிலாக உண்டு. நிலத்தைக் கேட்டால் 'தரிசு' என்பார்கள். தானியத்தைக் கேட்டால் 'உபரி' என்பார்கள். இரண்டுமே யாருக்கும் சொந்தமில்லாத, யாருக்கும் தேவைப்படாத பொருள் என்ற அர்த்தத்தில் சொல்லப்படுகின்றன. இந்த இரண்டு சொற்களுக்கும் எங்கள் பகுதியில் நீண்ட வரலாறு இருக்கிறது. சுற்றுச்சூழல் பேசுகிற நண்பர்கள் பெரும்பாலும் தண்ணீர்க் கணக்கிலும் கரிமக் கணக்கிலும் நின்றுவிடுகிறார்கள். அந்தக் கணக்குகள் முக்கியம், அவற்றுக்கும் வருவோம். ஆனால் தரிசு என்ற சொல் எப்படி உண்டாக்கப்பட்டது என்று தெரியாமல் அந்தக் கணக்குகளைப் போட்டால் விடை தப்பாகத்தான் வரும்.

இன்றைய அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எல்லாம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஊர்கள். திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997இல்தான். 1763இல் ஆற்காட்டு நவாப் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்த நிலப்பரப்பு இது. கம்பெனி அதிகாரிகள் இங்கே வந்து கணக்கெடுத்தபோது அவர்கள் கண்டது மிராசு முறை. ஊர் நிலம் முழுவதும் பங்குகளாகப் பிரிக்கப்பட்டு, வேளாளர், பிராமணர் போன்ற சாதிகளைச் சேர்ந்த மிராசுதாரர்கள் கையில் இருந்தது. எல்லிஸ் 1816இல் மிராசு உரிமை பற்றி எழுதிய நீண்ட அறிக்கை இன்றும் ஆய்வாளர்கள் புரட்டும் ஆவணம். நமக்கு அதில் முக்கியமானது ஒன்றுதான். மிராசுதாரரின் உரிமை உழுத வயலோடு நிற்கவில்லை. உழாத நிலத்திலும் அவருக்கே முன்னுரிமை. வெளியார் யாராவது தரிசைத் திருத்திப் பயிர் வைத்தால் மிராசுதாரருக்கு ஒரு பங்கு அளக்க வேண்டும். அந்த வயல்களில் உழுது, நாற்று நட்டு, ஏற்றம் இறைத்து, களத்தில் அடித்துத் தூற்றிய பறையர் குடிகளுக்கு உழுத நிலத்திலும் பங்கில்லை, உழாத நிலத்திலும் பங்கில்லை. நிலம் கைமாறும்போது படியாட்களும் அதோடு சேர்ந்து கைமாறினார்கள். சேரியில் அவர்கள் குடிசை போட்டிருந்த மண்கூட மிராசுதாரர் சொல்லுக்குக் கட்டுப்பட்டதுதான்.

இந்த நிலப்பரப்பின் நடுவே 1856இல் ரயில் வந்தது. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை, இன்றைய அம்பத்தூர், ஆவடி வழியாகப் போகும் அதே பாதை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் என்று பள்ளிப் புத்தகத்தில் பெருமையாகப் படிக்கிறோம். அது எதைத் தின்று ஓடியது என்று புத்தகம் சொல்வதில்லை. நிலக்கரி கப்பலில் வர வேண்டியிருந்தது, விலை அதிகம். ஆகவே சென்னை மாகாண ரயில் எஞ்சின்கள் பல ஆண்டுகள் விறகில் ஓடின. இன்றைய மொழியில் சொன்னால் அதுவும் உயிரி எரிபொருள்தான். காடுகள் அழிவதைப் பார்த்து அதே 1856இல் மாகாணத்துக்குக் காட்டுக் காப்பாளராக கிளெக்ஹார்ன் நியமிக்கப்பட்டார். 1860களிலிருந்து கடலோர மணலில் சவுக்கு நடப்பட்டது, நகரத்து அடுப்புக்கும் எஞ்சினுக்கும் விறகு வேண்டும் என்பதற்காக. எரிபொருளுக்கென்றே பயிர் வைக்கும் வேலை நம் பக்கத்தில் அப்போதே தொடங்கிவிட்டது. பிறகு 1882இல் சென்னை வனச் சட்டம். காப்புக்காடு என்று வேலி போட்ட இடத்துக்குள் சுள்ளி பொறுக்குவதும் ஆடு மேய்ப்பதும் குற்றமாயிற்று. நகரத்துக்கு விறகு தேவைப்பட்டதால் வளர்ந்த காடு, விறகு பொறுக்கி வயிறு வளர்த்தவர்களுக்கு மூடப்பட்டது.

விறகு வெட்டும் கைகள் யாருடையவை என்பதில் மட்டும் இன்றுவரை மாற்றமில்லை. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 கொத்தடிமைத் தொழிலாளர்களை அதிகாரிகள் மீட்டார்கள். இருளர் மக்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழுந்து கும்பிடும் படம் அப்போது நாடு முழுக்கப் போனது. எரிபொருளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்தப் படத்தையும் அதில் சேர்க்க வேண்டும்.

மீண்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வருவோம். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். பஞ்சம் முடிந்து பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில், செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர், மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி 1891இல் ஓர் அறிக்கை எழுதினார். நம் இயக்கங்களில் இந்தப் பெயரைத் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் அறிக்கையிலிருந்து நாம் வழக்கமாக எடுத்துச் சொல்வது கொடுமைகளின் பட்டியலைத்தான். எங்கள் பார்வையில் அதன் கூர்மை வேறு இடத்தில் இருக்கிறது. நிலம் இல்லாததால் இவர்கள் அடிமைகளாக இருக்கிறார்கள் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. இவர்களுக்கு நிலம் கிடைக்காமல் இருப்பதற்காகவே நிலம் சும்மா போடப்பட்டிருக்கிறது என்பதையும் அந்த அறிக்கையிலிருந்து படிக்கலாம்.

அது நடந்த விதம் இதுதான். சர்க்கார் தரிசு வேண்டும் என்று யாரும் தர்காஸ்து மனு போடலாம். விதி எல்லோருக்கும் பொது. ஆனால் சேரியிலிருந்து ஒருவர் மனு போட்டால் முதல் உரிமை மிராசுதாரருக்கு. அவர் எதிர்ப்புத் தெரிவிப்பார், அல்லது தானே அந்த நிலத்தைக் கேட்பார். மனு தள்ளுபடியாகும். பிறகு நிலம் பழையபடி தரிசாகவே கிடக்கும். மிராசுதாரருக்கு அந்த நிலத்தில் விளைச்சல் தேவையில்லை. தேவைப்பட்டது ஆள். இரண்டு காணி சொந்தமாகக் கிடைத்துவிட்டால் படியாள் நாளைக் காலையில் களத்துக்கு வருவானா? ஆகவே நிலம் வெறுமையாக இருப்பதிலேயே அவருக்கு லாபம் இருந்தது. மண் மோசமானதால் தரிசாகக் கிடந்த நிலம் உண்டுதான். ஆனால் மிராசுதாரர் போட்டு வைத்ததால் தரிசாகக் கிடந்த நிலமும் உண்டு என்பதை மறக்கக் கூடாது. வருவாய்த்துறைக் கணக்கில் 'தீர்வை ஏற்பட்ட தரிசு' என்று ஒரு வகையே இருக்கிறது. தீர்வை விதிக்கும் அளவுக்குப் பயிர் வைக்கத் தகுந்தது என்று சர்க்காரே ஒப்புக்கொண்ட, ஆனாலும் யாருக்கும் ஒப்படை செய்யப்படாத நிலம்.

1891 என்பது நமக்கு வேறு காரணங்களாலும் முக்கியமான ஆண்டு. அயோத்திதாசர் திராவிட மகாஜன சபையைக் கூட்டியதும், செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் பறையர் மகாஜன சபையைத் தொடங்கியதும் அப்போதுதான். அடுத்த ஆண்டு, 1892 செப்டம்பர் 30 அன்று, வருவாய்த்துறை அரசாணை 1010 வந்தது. தரிசு நிலங்களைத் தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கு ஒப்படை செய்ய வழி பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது இதைத்தான். ஒப்படை பெற்றவர் பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகு விற்றாலும் அதே வகுப்பினருக்குத்தான் விற்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு மாகாணம் முழுவதும் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் ஒப்படை செய்யப்பட்டதாக நம் இயக்கங்கள் கணக்குச் சொல்லி வருகின்றன. அவற்றில் பெரும்பகுதி இன்று யார் கையில் என்பது ஊரறிந்த கதை. காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். நூறு ஆண்டு கழித்தும், காகிதத்தில் நம்முடையதாக இருந்த தரிசைக் கேட்டதற்குக் குண்டுதான் பதில்.

இந்தப் பின்னணியோடு 2003க்கு வாருங்கள்.

அந்த ஆண்டு ஏப்ரலில் ஒன்றியத் திட்டக் குழுவின் உயிரி எரிபொருள் மேம்பாட்டுக் குழு அறிக்கை வெளியிட்டது. டீசலில் கலக்கத் தாவர எண்ணெய் வேண்டும், சமையல் எண்ணெயைத் தொட முடியாது, ஆகவே காட்டாமணக்கு என்றது. இந்தியா முழுவதும் 1.34 கோடி எக்டேர் இதற்குக் கிடைக்கும் என்று கணக்கும் போட்டது. மரம் குறைந்த காடு, வயல் வரப்பு, ரயில் பாதையோரம், தரிசு என எல்லாவற்றையும் கூட்டி வந்த எண் அது. எக்டேருக்கு 2500 செடி, செடிக்கு ஒன்றரைக் கிலோ விதை, ஆக எக்டேருக்கு 3.75 டன். தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம், ஆடுமாடு கடிக்காது என்றார்கள். 2002 டிசம்பர் 31 அன்று டெல்லியிலிருந்து அமிர்தசரசுக்கு சதாப்தி விரைவு ரயிலை 5 சதவீதத் தாவர டீசல் கலந்து ஓட்டிக் காட்டியதும் பெரும் செய்தியாயிற்று.

காட்டாமணக்கு நமக்குப் புதிய செடி அல்ல. (நெய்வேலிக் காட்டாமணக்கு வேறு. எங்கள் பகுதி ஏரிகளில் ஊதாப் பூவோடு மண்டிக் கிடப்பது அது.) வேலிக்கு நடுவோம், குச்சி ஒடித்துப் பல் துலக்குவோம், பாலை எடுத்துப் பிள்ளைகள் குமிழி ஊதுவார்கள். விதை விஷம் என்று ஆடு மேய்க்கும் சிறுமிக்கும் தெரியும். ஆடு கடிக்காது என்பதை டெல்லிக்காரர்கள் செடியின் சிறப்பாக எழுதினார்கள். மேய்ச்சல் நிலத்தையே நம்பி நாலு ஆடு வளர்க்கும் குடும்பத்துக்கு அதே வரி எப்படிக் கேட்டிருக்கும்? தன் ஆடு தின்ன முடியாத ஒன்றை, தன் ஆடு மேயும் இடம் முழுக்க நடப்போகிறார்கள் என்றுதான் கேட்டிருக்கும்.

தமிழ்நாட்டில் அப்போது தரிசு என்ற சொல்லைப் பலரும் ஒரே நேரத்தில் இழுத்துக்கொண்டிருந்தார்கள். 2000களின் தொடக்கத்தில் அதிமுக அரசு தரிசு மேம்பாடு என்ற பெயரில் பெரிய நிறுவனங்களுக்கு நீண்டகாலக் குத்தகைக்கு நிலம் தரும் திட்டத்தைப் பேசியது. தலித் அமைப்புகளும் இடதுசாரிகளும் எதிர்த்தார்கள். 2006இல் ஆட்சிக்கு வந்த திமுக, நிலமற்ற ஏழைக் குடும்பங்களுக்கு 2 ஏக்கர் வரை தரிசு என்று வாக்குறுதி அளித்து, செப்டம்பரில் திட்டத்தைத் தொடங்கவும் செய்தது. மறு ஆண்டே அதே அரசு ஒரு லட்சம் எக்டேரில் காட்டாமணக்கு என்று இலக்கு வைத்தது. ஏழைக்குக் கொடுக்கத் தரிசு தேடியபோது அவ்வளவு நிலம் ஏது என்று இழுத்தார்கள். எண்ணெய்க்குத் தேடியபோது வரைபடத்தில் தாராளமாகத் தெரிந்தது.

வரைபடம் என்று சொன்னது வெறும் பேச்சுக்காக இல்லை. 1985இல் தேசியத் தரிசு நில மேம்பாட்டு வாரியம் அமைக்கப்பட்டது. 2000இல் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு இந்தியத் தரிசு நில வரைபடத் தொகுப்பு வந்தது. மேலிருந்து எடுத்த படத்தில் முள் புதர் தெரியும். அந்தப் புதரில் மதியம் விறகு வெட்டுபவள் தெரிய மாட்டாள். ஏரி வற்றிய உள்வாயில் மேயும் ஆடு தெரியாது, பட்டா இல்லாமல் அரை ஏக்கரில் கேழ்வரகு விதைத்தவரும் தெரிய மாட்டார். மேய்க்கால் புறம்போக்கு, மந்தைவெளி, தோப்புப் புறம்போக்கு, ஏரி உள்வாய் என்று நம் ஊர்க் கணக்கில் ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயரும் தனிப் பயனும் உண்டு. படத்தில் எல்லாம் ஒரே நிறம்.

சாத்தூர் வட்டாரத்தில் ஜெனிபர் பேகா என்ற ஆய்வாளர் செய்த வேலை இங்கே மிகவும் உதவும். காட்டாமணக்கு நடுவதற்குத் 'தரிசு' என்று குறிக்கப்பட்ட நிலத்தில் உண்மையில் என்ன நடக்கிறது என்று அவர் போய்ப் பார்த்தார். அங்கே சீமைக் கருவேலம் இருந்தது. அதை வெட்டிக் கரி மூட்டம் போடுகிறார்கள், வீட்டு அடுப்புக்கு எடுக்கிறார்கள், ஆலைகளுக்கு விறகாக அனுப்புகிறார்கள். ஆக அந்தத் 'தரிசு' ஏற்கெனவே எரிபொருள் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. பேகாவும் பெய்லிஸும் 2014இல் வெளியிட்ட கணக்குப்படி, அதே நிலத்தில் காட்டாமணக்கு வைத்துக் கிடைக்கக்கூடிய பயனுள்ள ஆற்றலைவிடச் சீமைக் கருவேலத்திலிருந்து கிடைப்பது 2.5 முதல் 10.3 மடங்கு வரை அதிகம். சீமைக் கருவேலத்துக்கு நாங்கள் வக்காலத்து வாங்கவில்லை; நிலத்தடி நீருக்கு அது செய்யும் கேடு பற்றித் தனியாகப் பேசலாம். ஆனால் ஒரு நிலத்தை வெறுமை என்று சொல்லி அதில் எரிபொருள் பயிரிடப் போனவர்கள், அங்கே அதைவிடப் பல மடங்கு எரிபொருள் ஏற்கெனவே கூலிக்காரர்களின் கைவழியாக வெளியே போய்க்கொண்டிருந்ததைப் பார்க்கவில்லை. அம்பத்தூர் தெருமுனையில் இஸ்திரி வண்டிக்காரர் பெட்டியில் போடுகிற கரியும் இப்படிப்பட்ட 'வெற்று' நிலங்களிலிருந்து வருவதுதான்.

கோயம்புத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் அரிசா மொன்டோபியோவும் சரத்சந்திர லெலேயும் செய்து 2010இல் வந்த ஆய்வு மறுபக்கத்தைக் காட்டுகிறது. அங்கே காட்டாமணக்கு தரிசில் மட்டும் நடப்படவில்லை, பயிர் நிலத்திலேயே நடப்பட்டது. சென்னை மோகன் புரூவரீஸும் பிரிட்டனின் டி1 ஆயில்ஸும் சேர்ந்த கூட்டு நிறுவனம் ஒப்பந்தச் சாகுபடிக்கு விவசாயிகளைச் சேர்த்தது. தண்ணீர் வேண்டாத செடி என்றார்கள், தண்ணீர் பாய்ச்சாமல் காய் பிடிக்கவில்லை. பாய்ச்சியும் சொன்ன விளைச்சலின் பக்கத்தில்கூட வரவில்லை. நிலக்கடலை இருந்த இடத்தில் அது ஏறியது. கடலை போனால் வீட்டுக்கு எண்ணெயும் மாட்டுக்குக் கொடியும் சேர்ந்தே போகும். நட்டவர்களில் பெரும்பாலோர் சில ஆண்டுகளில் பிடுங்கிப் போட்டார்கள், அல்லது கவனிக்காமல் விட்டார்கள். நிலமும் வெளி வருமானமும் நிறைய உள்ளவர்கள் தாக்குப்பிடித்தார்கள். சிறு விவசாயிகள் மேலும் நொடிந்தார்கள். களையெடுப்பும் அறுவடையும் இல்லாத செடியால் கூலிக்குப் போகிறவர்களுக்கு என்ன ஆகும் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. டி1 நிறுவனத்தோடு 2007இல் கூட்டுச் சேர்ந்த பி.பி. எண்ணெய் நிறுவனம் 2009இல் விலகிக்கொண்டது. 2009 டிசம்பரில் ஒன்றிய அரசு அறிவித்த முதல் உயிரி எரிபொருள் கொள்கை, 2017க்குள் டீசலிலும் 20 சதவீதம் என்றது. 2017 வந்து போனது. கலப்பு ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை.

தோற்றுப்போன திட்டத்தை இவ்வளவு நேரம் ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்கலாம். செடி தோற்றது, ஆனால் அந்தச் செடிக்காகத் 'தரிசு' என்று முத்திரை குத்தப்பட்ட நிலம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. தரகர்கள் புகுந்தார்கள், நிலம் கைமாறியது. பட்டா இல்லாமல் அனுபவித்தவர்களுக்கு நஷ்ட ஈடு கேட்கவும் ஆவணம் இல்லை. எங்கள் பகுதியில் இதே கதையைக் காட்டாமணக்கு இல்லாமலே பார்த்தோம். 1960களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை, ஆவடி டாங்கித் தொழிற்சாலை என்று தொடங்கியது. பிறகு பூந்தமல்லியைத் தாண்டிக் கார் தொழிற்சாலைகள் வந்தன. தொழிற்சாலை வேண்டாம் என்பவர்கள் அல்ல நாங்கள். பண்ணையத்திலிருந்து நம் ஆட்கள் பலர் வெளியேற அந்த வேலைகள்தான் வழி. ஆனால் நிலம் எடுத்தபோது இழப்பீடு பட்டாதாரருக்குப் போனது, அதே நிலத்தை மூன்று தலைமுறை உழுதவருக்குப் போகவில்லை.

இப்போது இரண்டாவது சொல், உபரி.

டீசலில் தோற்றதை அரசு பெட்ரோலில் பிடித்தது. முதலில் கரும்பு. நிதி ஆயோக் 2021 ஜூனில் வெளியிட்ட வரைவுத் திட்டமே, கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் எடுக்க 2860 லிட்டர் தண்ணீர் போகிறது என்று ஒப்புக்கொண்டது. அதனால் தானியத்துக்குத் திரும்ப வேண்டும் என்றது. தானியம் என்றால் மக்காச்சோளம், அரிசி. தமிழ்நாட்டு அரசும் 2023இல் எத்தனால் கலப்புக் கொள்கை வெளியிட்டு 5000 கோடி ரூபாய் முதலீட்டுக்கு அழைப்பு விடுத்தது. மக்காச்சோளம் ஏற்றுமதி செய்துகொண்டிருந்த இந்தியா 2024இல் இறக்குமதி செய்யும் நாடாயிற்று. கோழித்தீவனத்துக்கு அதே மக்காச்சோளம்தான் வேண்டும். தீவனம் ஏறினால் முட்டை விலை ஏறும்.

அரிசிக் கணக்கை மட்டும் கொஞ்சம் நின்று பார்ப்போம். ஒரு டன் அரிசியிலிருந்து ஏறத்தாழ 450 லிட்டர் எத்தனால் வரும். அதாவது ஒரு லிட்டருக்கு 2 கிலோ 200 கிராம் அரிசி. ஒரு சிறிய காருக்கு 25 லிட்டர் பெட்ரோல் போட்டால் அதில் 5 லிட்டர் எத்தனால். அது முழுவதும் அரிசியிலிருந்து வந்தது என்று வைத்துக்கொண்டால் 11 கிலோ. உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஒரு ஆளுக்கு மாதம் 5 கிலோ. ஆக இரண்டு பேரின் ஒரு மாத அரிசியை ஒரு முறை டேங்க் நிரப்பும்போதே அந்தக் கார் குடித்துவிடுகிறது. இந்திய உணவுக் கழகக் கிடங்கிலிருந்து எத்தனால் ஆலைகளுக்கு 2025இல் ஒதுக்கப்பட்டது 52 லட்சம் டன், விலை கிலோ 22 ரூபாய் 50 காசு. ஆளுக்கு மாதம் 5 கிலோ என்று பங்கிட்டால் எட்டுக் கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஓராண்டு ரேஷன் அது. 2011க்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்கு எடுக்கப்படாததால் ரேஷன் வளையத்துக்கு வெளியே நிற்பவர்கள் 10 கோடிக்கும் மேல் என்று ஜான் திரேஸ், ரீத்திகா கேரா போன்ற பொருளாதார அறிஞர்கள் 2020லேயே சொல்லிவிட்டார்கள். இத்தனை பேர் வெளியே நிற்கும்போது கிடங்கில் இருப்பதற்கு உபரி என்று எப்படிப் பெயர் வந்தது?

2023 ஜூனில் நடந்ததை நினைவுபடுத்துகிறோம். கர்நாடக அரசு தன் அன்னபாக்ய திட்டத்துக்காக உணவுக் கழகத்திடம் பணம் கொடுத்து அரிசி கேட்டது. மாநில அரசுகளுக்கு அப்படி விற்பதை ஒன்றிய அரசு அந்த மாதமே நிறுத்தியது. எத்தனால் ஆலைகளுக்கு 20 ரூபாய் விலையில் போய்க்கொண்டிருந்த அரிசி உடனே நிற்கவில்லை. ஜூலையில்தான் நின்றது, பிறகு மறுபடி தொடங்கியும் விட்டது. பசிக்கு இல்லாத அரிசி வண்டிக்கு இருந்தது. தாது வருஷத்திலும் சென்னைத் துறைமுகத்தில் தானிய மூட்டைகள் இருந்தன. வாங்க முடியாதவர்கள்தான் செத்தார்கள். ஐ.நா.வின் உணவு உரிமைக்கான சிறப்புப் பிரதிநிதியாக இருந்த ழான் சீக்லர் 2007இல், உணவுப் பயிரை எரிபொருளாக்குவது மனிதகுலத்துக்கு எதிரான குற்றம், ஐந்தாண்டுகளுக்கு அதை நிறுத்தி வைக்க வேண்டும் என்றார். மிகையான பேச்சு என்று அன்று பலர் சொன்னார்கள்.

எத்தனால் கரும்பு விவசாயிக்கு நிலுவைத் தொகை கிடைக்க வழி செய்கிறது, எண்ணெய் இறக்குமதியைக் குறைக்கிறது என்று அரசு சொல்வதில் உண்மை இருக்கிறது. கரும்பு விவசாயியின் நிலுவையை நாங்கள் அலட்சியப்படுத்தவில்லை. ஆனால் அந்த விவசாயியின் தோட்டத்தில் கரும்பு வெட்டுகிறவரின் கூலி இந்தக் கணக்கில் எங்கேயும் வருவதில்லை. கரிமக் கணக்கும் சொல்கிற அளவுக்குச் சுத்தமில்லை. சர்ச்சிங்கர் குழு 2008இல் 'சயின்ஸ்' இதழில் எழுதியது இதைத்தான்: எரிபொருளுக்காக எடுத்த தானியத்தை ஈடுகட்ட வேறெங்கோ காடும் புல்வெளியும் உழப்படுகின்றன, அதையும் சேர்த்தால் அமெரிக்க மக்காச்சோள எத்தனால் முப்பது ஆண்டுகளில் பெட்ரோலைவிட ஏறத்தாழ இரு மடங்கு வெப்ப வாயுவை வெளியிடும். அந்தக் காடும் புல்வெளியும் யாருடைய ஏட்டிலோ தரிசு என்றுதான் இருக்கும்.

ஆலை எங்கே வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். வடிப்பாலைக் கழிவுநீர் கறுப்பாக, நாற்றத்தோடு வெளியேறும். பஞ்சாபில் ஜீரா அருகே 2022 ஜூலையில் கிராமத்தார் எத்தனால் ஆலைக்கு முன் உட்கார்ந்தார்கள். நிலத்தடி நீர் கெட்டது என்பது அவர்கள் குற்றச்சாட்டு. 2023 ஜனவரியில் ஆலையை மூட அம்மாநில அரசு உத்தரவிட்டது. தெலங்கானாவில் திலாவர்பூர் மக்கள் 2024 நவம்பரில் சாலையை மறித்து ஆலை வேலையை நிறுத்த வைத்தார்கள். நம் பக்கத்தில் இனி எங்காவது ஆலைக்கு இடம் பார்த்தால், அது ஊர்த் தெருவுக்கு அருகில் பார்க்கப்படும் என்று நம்புகிறவர்கள் யாரேனும் உண்டா?

இந்தப் பகுதியில் அதைத் தடுக்க நம் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தால், முதலில் இல்லாதது தெரிகிறது. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது, ஆவடி 2019இல் மாநகராட்சியாயிற்று, பூந்தமல்லி நகராட்சி. ஆகவே கிராம சபை கிடையாது. ஆனால் மாநகராட்சி வந்தாலும் வருவாய்க் கிராமம் அழிவதில்லை. பழைய கிராமப் பெயரிலேயே 'அ' பதிவேடு தாலுகா அலுவலகத்தில் இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்கே இன்னும் ஊராட்சிகளாக இருக்கும் ஊர்களில் கிராம சபையும் இருக்கிறது. நகல் கேட்கும்போது இன்றைய பட்டாதாரர் பெயரோடு நிறுத்தாதீர்கள். முதல் செட்டில்மென்ட் பதிவேட்டிலிருந்து ஒவ்வொரு பதிவேட்டிலும் அந்தச் சர்வே எண்ணுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள்: தீர்வை ஏற்பட்ட தரிசா, மேய்க்காலா, டி.சி. நிபந்தனையா, அந்தச் சொல் எந்த ஆண்டில் மாறியது, யார் உத்தரவில் மாறியது.